காலிப் படங்களுக்கு நடுவே ஒரு கயோட்டி

விலங்குகளைப் படமெடுக்க வெளியில் வைத்துவிட்டு வரும் தானியங்கிக் கேமரா எடுக்கும் படங்களில் பெரும்பாலானவற்றில் விலங்கே இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டுயிர்ப் படங்களைப் பார்த்துப் பெயர் குறிக்கும் தன்னார்வ வேலை என்றதும் நரியும் மானும் வரிசை கட்டி வரும் என்று நினைத்துச் சேருகிறவர்கள், புல்லையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கழன்றுகொள்வார்கள். தான்சானியாவின் செரெங்கெட்டியில் 225 கேமராக்கள் வைத்து நடத்திய பெரிய திட்டத்தில், 2010 முதல் 2013 வரை சேர்ந்த 12 லட்சம் படத்தொகுப்புகளில் விலங்கு இருந்தவை சுமார் 3,22,000தான். சிங்கமும் யானையும் உலவுகிற இடத்திலேயே முக்கால்வாசி காலி.

நான் பார்த்தது செரெங்கெட்டி இல்லை, சிகாகோ. அந்த நகரத்தின் மேற்குப் புறநகர் ஒன்றில்தான் குடியிருக்கிறோம். லிங்கன் பார்க் உயிரியல் பூங்காவின் நகர்ப்புறக் காட்டுயிர் ஆய்வுப் பிரிவு 2010 முதல் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் கேமரா வைத்து வருகிறது. நகர மையத்தில் தொடங்கி 50 கிலோமீட்டர் வரை வெளியே போகும் கோடுகளை வகுத்துக்கொண்டு, அவற்றை ஒட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வைக்கிறார்கள். பூங்கா, கோல்ஃப் மைதானம், கல்லறைத் தோட்டம், மாவட்டக் காப்புக்காடு என்று இடங்கள் பலவிதம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு வாரம். சேர்ந்த படங்களை ஆய்வாளர்கள் மட்டும் பார்த்து முடிக்க முடியாது என்பதால் 2014-இல் 'சிகாகோ வைல்ட்லைஃப் வாட்ச்' என்ற பெயரில் ஜூனிவர்ஸ் என்ற இணையதளத்தில் ஏற்றிப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். கூட்டாளி ஆட்லர் கோளரங்கம். ரக்கூனுக்கும் கோளரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தோன்றியது. 2007-இல் விண்மீன் மண்டலங்களின் வடிவத்தைப் பொதுமக்களை வைத்து வகைப்படுத்திய முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான் ஜூனிவர்ஸ். அதை நடத்துகிறவர்களில் ஆட்லரும் ஒன்று.

கல்லறைத் தோட்டங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. இரவில் கதவைப் பூட்டிவிடுவார்கள், நாயோடு நடக்கிறவர்கள் கிடையாது, பெரிய பழைய மரங்கள் உண்டு. நகரத்து விலங்குக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வேலையில் எனக்குத் துணையாக வந்து, கொஞ்ச நாளிலேயே என்னை மிஞ்சியவர் என் மாமனார். சங்கரன்கோவில் பக்கம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்தில் எங்களோடு தங்க வந்தார். வெளியே பனி, நடைக்கு வழியில்லை, டிவியில் எதுவும் பிடிக்கவில்லை. நான் லேப்டாப்பில் என்ன பார்க்கிறேன் என்று ஒரு நாள் பின்னால் வந்து நின்றார். நான் காலி என்று குறிக்கப் போன படத்தில், "ஏம்மா, இந்த மரத்துக்குப் பின்னால ஒரு வால் தெரியுதே, அதை விட்டுட்டியே" என்றார். வால்தான். அன்றைக்கு மாலை முழுக்க இருவரும் எழுந்திருக்கவில்லை.

அவர் படம் பார்க்கும் விதமே வேறு. நான் நடுவில் பார்ப்பேன். அவர் ஓரத்தில் தொடங்குவார். தேய்ந்துபோன தபால் முத்திரையில் ஊர்ப்பெயரைத் தேடுகிற மாதிரி நாலு மூலையையும் தடவிவிட்டுத்தான் நடுவுக்கு வருவார். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரி. கேமராவின் சென்சார் விலங்கைப் 'பார்ப்பதில்லை'. பின்னணியின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஒன்று நகர்ந்தால் அதை உணரும், பிறகுதான் படம் எடுக்கும். அந்த இடைவெளிக்குள் விலங்கு பாதித் தூரம் ஓடியிருக்கும். மிச்சம் கிடைப்பது ஒரு பின்னங்கால், ஒரு வால் நுனி, இல்லாவிட்டால் படத்தின் கீழ் விளிம்பில் இரண்டு காதுகள். ஓரங்களைப் பார்க்காமல் 'எதுவும் இல்லை' என்று குறிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் சட்டமாகிவிட்டது.

அதே வெப்பக் கதைதான் காலிப் படங்களுக்கும் காரணம். வெயிலில் சூடான இலை காற்றில் ஆடினால் சென்சாருக்கு அதுவும் விலங்குதான். ஜூலைப் படங்களில் இந்தத் தொல்லை அதிகம். உச்சி வெயிலில் சுற்றுப்புறமும் விலங்கின் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால், உண்மையான விலங்கு முன்னால் போனாலும் கேமரா தூங்கிவிடும். ஜனவரியில் நிலைமை தலைகீழ். பனிக்கு முன்னால் சூடான உடம்பு நன்றாகத் தெரியும். குளிர்காலப் படங்களில் தொடங்கினால் புதியவர்களுக்குக் கண் சீக்கிரம் பழகும் என்பது என் கருத்து. இலையும் கிடையாது, மறைப்பும் குறைவு.

சரி, விலங்குகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் வளர்ந்த கண்ணுக்கு இந்த ஊர் விலங்குகள் சில இடங்களில் உதவும், சில இடங்களில் காலை வாரும்.

காலை வாருவதில் முதலிடம் சிப்மங்குக்கு. முதுகில் கோடு போட்ட சின்ன உருவத்தைப் பார்த்ததும் மாமா "இதோ நம்ம அணில்" என்றார். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. இங்கே அணில் என்று குறிக்க வேண்டியவற்றுக்குக் கோடே கிடையாது. கோடு இருந்தால், அதுவும் கண்ணுக்கு மேலும் கீழும் முகத்தில் கோடு இருந்தால், அது சிப்மங்க். அது அணில் குடும்பம்தான் என்றாலும் தளத்தில் நாம் பெயர் குறிக்கும் பட்டியலில் அதற்குத் தனிப் பொத்தான். இங்குள்ள அணில்களில் சாம்பல் அணிலையும் ஃபாக்ஸ் அணிலையும் பிரிப்பதுதான் சிரமம். சாம்பல் அணிலுக்கு வயிறு வெள்ளை, வாலின் ஓர ரோமமும் வெள்ளையாகத் தெரியும். ஃபாக்ஸ் அணிலுக்கு வயிறும் வால் ஓரமும் ஆரஞ்சு கலந்த பழுப்பு. முழுக்கக் கறுப்பாக ஒன்று வந்தால் புது இனம் என்று குதிக்க வேண்டாம், அது பெரும்பாலும் சாம்பல் அணிலின் கறுப்பு வடிவம்தான். இவை பகலில்தான் நடமாடும். நள்ளிரவு நேரம் பதிந்த படத்தில் மரத்தண்டில் அணில் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பறக்கும் அணிலாக இருக்கலாம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

ரக்கூன் விஷயத்தில் நம் ஊர் அனுபவம் உதவியது. ஓட்டு வீட்டுப் பரணில் மரநாய் குடியேறி இரவெல்லாம் தடதடப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த ஊரில் கூரைக்கடியில் ரக்கூன் செய்கிற அட்டகாசம் உடனே புரியும். கண்ணைச் சுற்றிய கறுப்புப் பட்டை, வளையம் வளையமான வால், கூனிய முதுகு. இரவில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் எடுப்பதால் நிறமெல்லாம் போய்க் கறுப்பு வெள்ளைதான் மிஞ்சும். ஆனால் வளையம் போகாது. முகம் தெரியாத ரக்கூனை முதுகையும் வாலையும் வைத்தே சொல்லிவிடலாம். ஜூலைப் படங்களில் தாய்க்குப் பின்னால் குட்டிகள் வரும். கண்ணொளியை எண்ணிக் கணக்குப் போடாமல் உடம்பை எண்ண வேண்டும். ஒரு குட்டி தலையைத் திருப்பியிருந்தால் கண் தெரியாது.

ஒப்பாசத்தைப் பெருச்சாளி என்று நினைப்பது சகஜம். ரோமமில்லாத வால், கூர்மையான மூஞ்சி. ஆனால் அளவில் வீட்டுப் பூனைக்குச் சமம், முகம் வெள்ளை, காது மெல்லிய கறுப்பு. அகச்சிவப்பு வெளிச்சம் பட்டால் முகம் வெளிறிப்போய் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரியும். வயிற்றுப் பையில் குட்டி வளர்க்கும் விலங்குகளில் மெக்சிகோவுக்கு வடக்கே இருப்பது இது ஒன்றுதான். சிகாகோ குளிர் இதற்கு ஒத்துவருவதில்லை. காது ஓரமும் வால் நுனியும் உறைபனியில் கருகி உதிர்ந்துவிடும். அதனால் குளிர்காலத்தில் குட்டை வாலோடு ஒன்று தெரிந்தால் அதற்காகவே ஒப்பாசம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இப்போது கயோட்டி. நம் ஊர் நரியைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய முகம். அதைவிடக் கொஞ்சம் பெரியது, காது பெரியது. இந்தப் பகுதியில் வளர்ந்த கயோட்டி 11 முதல் 16 கிலோ வரை இருக்கும். குளிர்கால ரோமத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும், அதனால்தான் ஓநாய் என்று பதறுகிறவர்கள் உண்டு. சிவப்பு நரி இதில் பாதிகூட இருக்காது. அதற்குக் காலில் கறுப்பு உறை போட்டது போலிருக்கும், வால் நுனி வெள்ளை. இரவுப் படத்திலும் அந்த வெள்ளை நுனி பளிச்சென்று தெரியும். சாம்பல் நரிக்கு வால் நுனி கறுப்பு, வாலின் மேற்புறம் ஒரு கறுப்புக் கோடும் ஓடும்.

நாயா கயோட்டியா என்பதுதான் எப்போதும் வரும் சந்தேகம். கழுத்துப்பட்டை தெரிந்தால் பிரச்சினை தீர்ந்தது, நாய். (ஆராய்ச்சிக்காக ரேடியோ பட்டை மாட்டிய கயோட்டிகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. 2000-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இன்றும் அவற்றைப் பின்தொடர்கிறது. ஆக 'தீர்ந்தது' என்பதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள்.) கயோட்டி பெரும்பாலும் வாலைத் தொங்கப்போட்டபடிதான் போகும். மூக்குப் பகுதி ஒல்லி. மாமா கண்டுபிடித்த வழி எனக்கு எந்தக் கையேட்டிலும் கிடைத்திருக்காது. பனி பெய்த பிறகு எடுத்த படத்தில் அவர் விலங்கை விட்டுவிட்டு அதன் காலடித் தடத்தைப் பார்த்தார். "நாய்னா அங்கங்க மோந்து, வளைஞ்சு வளைஞ்சு போகும்மா. இது பாரு, நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்திருக்கு. சோலி இருக்கிற மிருகம்." பிறகு விசாரித்தால் தடம் பார்ப்பவர்கள் சொல்வதும் அதேதான். காட்டு நாய்க் குடும்பம் சக்தியை வீணாக்காது, நேர்கோட்டில் போகும். வீட்டு நாய்க்கு வீட்டில் சாப்பாடு இருக்கிறது.

இன்னொரு தொல்லை சொறி. ஒரு வகைச் சிற்றுண்ணி தோலைத் துளைத்து உண்டாக்கும் இந்த நோய் வந்த கயோட்டிக்கு ரோமம் கொட்டி, வால் எலி வால் போல ஆகிவிடும். பார்க்கப் பரிதாபமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருக்கும். இப்படிப்பட்ட படங்களில்தான் விதவிதமான கற்பனைகள் கிளம்பும். பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று என்று தோன்றும்போது, நோயுற்ற கயோட்டியை நினைத்துப் பாருங்கள்.

கற்பனை என்றதும் பூமா என்ற பெரிய காட்டுப் பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில் சிகாகோவின் ராஸ்கோ வில்லேஜ் பகுதிக்குள் உண்மையிலேயே ஒரு பூமா வந்துவிட்டது, போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கு முந்தைய வருடம் ஏப்ரலில் ஒரு கயோட்டி நகர மையத்தில் சாண்ட்விச் கடைக்குள் நுழைந்து குளிர்பானப் பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டது. இந்த மாதிரிச் செய்திகள் தன்னார்வலர் மனதில் தங்கிவிடுகின்றன. கேமராவுக்குப் பக்கத்தில் வந்த வீட்டுப் பூனை படத்தில் பிரம்மாண்டமாகத் தெரியும். உடனே கை பூமாவைத் தேடும். இதற்கு மருந்து அளவுகோல். அதே இடத்தில் எடுத்த முயல் படமோ ரக்கூன் படமோ முன்னால் வந்திருந்தால், அந்த மரத்தண்டுக்கு எதிரே ரக்கூன் எவ்வளவு உயரம் தெரிந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பூனையும் புலியாகாது.

தெரியாத ஆட்களிடம் இப்படிப் பொறுப்பைக் கொடுத்தால் தகவல் என்ன லட்சணத்தில் இருக்கும் என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே படத்தைப் பலர் பார்க்கிறார்கள் என்பதுதான் பதில். செரெங்கெட்டித் திட்டத்தில் முதல் ஐந்து பேரும் காலி என்று சொன்னால் படம் ஒதுக்கப்படும். விலங்கு இருந்தால் இன்னும் பலரிடம் போகும். 28,000 பேர் பங்கெடுத்த அந்த முயற்சியில், பலர் சேர்ந்து சொன்ன பதிலை நிபுணர்களின் பதிலோடு ஒப்பிட்டபோது, எந்த விலங்கு என்பதில் 96.6 விழுக்காடு பொருந்தியது. எத்தனை விலங்கு என்பதில் பொருத்தம் 90 விழுக்காடு. எண்ணுவதுதான் கஷ்டம் என்று இதிலேயே தெரிகிறது. அங்கே 'தெரியவில்லை' என்ற பொத்தானே வைக்கவில்லை. வேண்டுமென்றேதான். தயங்குகிறவரும் ஓர் ஊகத்தைச் சொல்லட்டும், பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னால் அந்தப் படம் கடினமானது என்ற தகவலாவது மிஞ்சும், அதை நிபுணர் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு.

இதிலிருந்து நேராக வருகிற ஒரு நடைமுறை உண்டு. பதில் சொல்வதற்கு முன் அந்தப் படத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் உங்கள் பதில் உங்களுடையது இல்லை, அவர்களுடையதின் நகல். பலர் பார்ப்பதன் பயனே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் இருக்கிறது. நானும் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து கலந்து பேசி ஒரே கணக்கிலிருந்து ஒரு பதில் போட்டோம், அது சரி. இருவரும் பேசிவைத்துக்கொண்டு இரண்டு கணக்கிலிருந்து ஒரே பதிலைப் போட்டிருந்தால் அது கள்ள ஓட்டு.

காலிப் படங்களுக்கு மறுபடி வருகிறேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கல்லறைத் தோட்டத்தில் கேமரா 28 நாள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் கயோட்டி சிக்குகிறது, 24 நாள் இல்லை. அங்கே கயோட்டி இருப்பது உறுதி, இருந்தும் ஒரு நாளில் அது சிக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்றுதான். இப்போது 28 நாளும் சிக்காத இன்னொரு தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உண்மையிலேயே இல்லையா, இருந்தும் சிக்கவில்லையா? அதே வாய்ப்பை வைத்துக் கணக்கிட்டால், இருந்தும் 28 நாளும் தப்பித்திருக்கக் கூடிய சாத்தியம் நூற்றுக்கு ஒன்று சொச்சம்தான். ஆகவே 'இல்லை' என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மின்க் (கீரி போல நீண்ட உடம்புள்ள சின்ன விலங்கு) போல ஒளிந்து திரியும் விலங்கு ஒரு நாளில் சிக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று என்று வைத்தால், இருந்தும் 28 நாளும் தப்பும் சாத்தியம் பாதிக்கும் மேல். அப்போது காலி என்பதற்கு அர்த்தம் குறைவு. இவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள், ஆனால் ஆய்வாளர்கள் செய்யும் கணக்கின் போக்கு இதுதான். சிக்காத நாட்களும் சேர்ந்தால்தான் கணக்கே நிற்கும். நாம் சலித்துக்கொண்டு 'எதுவும் இல்லை' என்று அழுத்துவதும் ஒரு பதிவு.

இதே கணக்கு எந்தத் தவறு அதிகக் கேடு என்பதையும் சொல்லும். இருக்கும் விலங்கை ஒரு படத்தில் தவறவிட்டால் கணக்கு ஓரளவு தாங்கும். தவறவிடுவார்கள் என்பதை எதிர்பார்த்துத்தான் அதை அமைத்திருக்கிறார்கள். இல்லாத இடத்தில் சாம்பல் நரி இருந்ததாக ஒரு பதிவு ஏறிவிட்டால் அந்த இடத்தின் கதையே மாறிவிடும். ஆகவே ஊகிக்கலாம், ஆனால் ஊகம் அபூர்வத்தை நோக்கித் தாவக் கூடாது. மங்கலான நாய் வடிவம் ஒன்று என்றால், அந்தப் பகுதியில் அடிக்கடி வருவது எதுவோ அதைச் சொல்லுங்கள்.

நேரமும் தேதியும் பதிந்திருந்தால் அவற்றைக் கவனிப்பது நல்லது. உட்சக் என்ற பெரிய நிலத்து அணில் இலையுதிர்காலக் கடைசியில் வளைக்குள் போனால் குளிர் போகும்வரை தூக்கம்தான். ஜனவரிப் படத்தில் குண்டாகப் பழுப்பாக ஒன்று தெரிந்தால் முதலில் ரக்கூனை நினையுங்கள். ஜனவரியில் மானுக்குக் கொம்பு இல்லையென்றால் பெண் என்று எழுதிவிடாதீர்கள். ஆண் மான்கள் அந்தச் சமயத்தில் கொம்பை உதிர்த்துக்கொண்டிருக்கும்.

அந்த நேர முத்திரையிலிருந்து பெரிய விஷயங்களும் வெளிவந்திருக்கின்றன. மனிதர்கள் பக்கத்தில் இருந்தால் விலங்குகள் தங்கள் நடமாட்டத்தை இரவுக்கு மாற்றிக்கொள்கின்றன என்பதை, உலகெங்கும் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் காட்டினார்கள். பகலும் இரவும் சரிபாதியாகத் திரியும் விலங்கு, மனிதத் தொந்தரவு உள்ள இடத்தில் 68 விழுக்காடு இரவுக்குப் போய்விடுகிறது. சிகாகோவில் தொடங்கிய முறையை டென்வர், ஆஸ்டின், மேடிசன், இண்டியானாபோலிஸ் என்று பல நகரங்கள் எடுத்துக்கொண்டன. எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கேமரா வைப்பதால் ஊரை ஊரோடு ஒப்பிட முடிகிறது. 2021-இல் வட அமெரிக்காவின் 20 நகரங்களை ஒப்பிட்ட ஆய்வு, விலங்கின வகைகள் கட்டடப் பெருக்கத்தோடு குறைகின்றன, வசதியான பகுதிகளில் கூடுகின்றன என்று சொன்னது. மரமும் தோட்டமும் யார் வீட்டுப் பக்கம் இருக்கின்றனவோ ரக்கூனும் அங்கேதான். இதைச் சொன்னபோது மாமா ஆச்சரியப்படவே இல்லை. "பணக்காரங்க தெருவுலதானே நிழல் இருக்கும்" என்றார்.

இப்போது கணினியே பார்த்துவிடுமே, மனிதர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. மெகாடிடெக்டர் போன்ற மென்பொருள்கள் படத்தில் விலங்கு, மனிதர், வாகனம் எது இருக்கிறது, அல்லது எதுவுமே இல்லையா என்று பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. இதைப் பயன்படுத்தும் திட்டங்களில் காலிப் படங்கள் குறைவாகவே நம்மிடம் வரும், புதியவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அது எந்த விலங்கு என்று சொல்வதில்லை. பெயர் சொல்லப் பயிற்றுவித்த மென்பொருள்கள் வேறு உண்டு. அவற்றுக்குப் பாடம், இப்படி ஆயிரக்கணக்கானோர் பெயர் குறித்த படங்கள்தான்.

மனிதர்கள் படம் வந்தால் என்ன செய்வது? நகரத்துக் கேமரா என்பதால் எத்தனை வடிகட்டினாலும் ஒன்றிரண்டு தப்பி வரும். 'மனிதர்' என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போங்கள், சேமிக்கவோ நண்பர் குழுவில் பகிரவோ வேண்டாம். குட்டிகளோடு கயோட்டி தெரியும் படத்துக்கும் இதே கட்டுப்பாடு. இடம் தெரிந்துபோனால் பார்க்கப் போகிறவர்கள் சிலர், விரட்டப் போகிறவர்கள் சிலர். இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

தொடங்க விரும்புகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். கணக்குத் தொடங்காமலேயே ஜூனிவர்ஸில் படம் பார்க்கலாம், காசு கிடையாது, மதுரையில் உட்கார்ந்துகொண்டும் செய்யலாம். விலங்குப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மாதிரிப் படமும் விவரக் குறிப்பும் உண்டு. முதல் நாள் படங்களைத் தொடாமல் அந்தக் குறிப்புகளை மட்டும் புரட்டுவது வீண்போகாது. போனில் செய்யலாம் என்றாலும் இரவுப் படங்களுக்கு லேப்டாப்தான் சரி. திரை வெளிச்சத்தைக் கூட்டி, அறை விளக்கைக் குறைத்துப் பாருங்கள். இருட்டுக்குள் நிற்கும் மான் அப்போதுதான் வெளிவரும். மூன்று படங்கள் தொடராக வரும் திட்டமென்றால் மூன்றையும் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். இரண்டாவது படத்தில் காலியாகத் தெரிந்த புதர் மூன்றாவதில் அசைந்திருக்கும்.

ஒரே மூச்சில் உட்காராதீர்கள். தொடர்ந்து காலிப் படங்கள் வந்தால் கை தானாக 'எதுவும் இல்லை'க்குப் போகும், கண் பார்ப்பதை நிறுத்திவிடும். எங்கள் வீட்டில் ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஒரு அமர்வு. மாமா மட்டும் இரண்டு டீ கேட்பார்.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாம், எண்ணுவதில் நம்மைவிடக் கெட்டி. ஆனால் அவர்களுக்குக் காலிப் படங்கள் உடனே சலிக்கும், அதனால் வடிகட்டிய திட்டமாகப் பார்த்துக் கொடுங்கள். பெரியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மாமா ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கே காலையில் உட்கார்ந்து பார்க்கிறார், சந்தேகமான படத்தின் இணைப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். தன் பதிலைப் பதிந்த பிறகுதான் அனுப்புவார்.

ஒரு திட்டத்தில் சேர்ந்து கை பழகிய சமயத்தில் படங்கள் தீர்ந்துவிட்டன என்று அறிவிப்பு வரலாம். பயப்பட வேண்டாம். ஒரு பருவப் படங்கள் முடிந்து அடுத்தவை ஏறச் சில மாதங்கள்கூட ஆகும். கேமராவைக் கழற்றி, நினைவக அட்டையை எடுத்து, மனிதர் படங்களை நீக்கித்தான் ஏற்றுகிறார்கள். அதுவரை வேறு நகரத்துக்குப் போய்ப் பாருங்கள். விலங்குகள் பாதி அதேதான் இருக்கும். பட்டியலில் புதிதாக வருவதை மட்டும் முதலில் படித்துக்கொண்டால் போதும்.